புள்ளிக்கும் காது உண்டு

'நம்ம ஜனங்க இருக்காங்களே... சரியான ஆட்டு மந்தை சார்!'

இதை ஒரு முறையாவது சொல்லாத நகரவாசி தமிழ்நாட்டில் உண்டா? பெட்ரோல் பங்க்கில் வரிசை நீண்டால் சொல்கிறார்கள். ஆடித் தள்ளுபடிக்கு தி.நகர் மூச்சுத் திணறினால் சொல்கிறார்கள். சொல்கிறவர் அதே வரிசையில் பதினேழாவது ஆளாக, கையில் பையோடு நின்றுகொண்டிருப்பார் என்பது வேறு விஷயம்!

ஆனால், இந்த வசவு அதிகமாக விழுவது விவசாயியின் தலையில்தான். தக்காளியை ரோட்டில் கொட்டுகிற படம் பேப்பரில் வந்தால் போதும். காபி டம்ளரைக் கீழே வைக்காமலே தீர்ப்பு வாசித்துவிடுவீர்கள்: 'ஒருத்தன் போட்டா ஊரே அதையே போட வேண்டியது. அப்புறம் விலை இல்லேன்னு அழ வேண்டியது.'

இந்தத் தீர்ப்பு தப்பு. விவசாயி பாவம், அதனால் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கணக்குப்படியே தப்பு.

காளப்பநாயக்கன்பட்டி தெரியுமா? கொல்லிமலைக்குச் சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்திருப்பீர்கள் என்றால், கார் ஜன்னல் வழியாக! நாமக்கல், சேந்தமங்கலம் தாண்டினால் மலையடிவாரத்தில் வருகிற பேரூராட்சி. இங்கிருந்து காரவள்ளி போய், எழுபது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே மேலே ஏற வேண்டியதுதான். எண்ணுகிற அவசரத்தில், ரோட்டின் இரண்டு பக்கமும் கை விரல் மாதிரி இலை விரித்து நிற்கிற செடியை யாரும் கவனிப்பதில்லை. மரவள்ளி. அந்தப் பக்கத்து ஆட்கள் 'குச்சிக்கிழங்கு' என்பார்கள். குச்சியை வெட்டி நட்டால் முளைக்கும், அதனால் அந்தப் பேர்.

நீங்கள் கார்த்திகை விரதத்துக்குச் சாப்பிடுகிற ஜவ்வரிசி உப்புமாவும், பாயசமும், கூழ் வடகமும் இந்தக் கிழங்குதான். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுச் சரக்கு வராமல் போன காலத்தில், 1943-44-ல் சேலத்தில் குடிசைத் தொழிலாக ஆரம்பித்தது ஜவ்வரிசி. இன்று சேலம், நாமக்கல் பக்கமெல்லாம் ஆலைகள். 1981-ல் 'சேகோசர்வ்' என்று கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எல்லாம் சரி. கிழங்கு போட்டவனுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் கேள்வி.

நட்டுவிட்டு எட்டு முதல் பத்து மாதம் காத்திருக்க வேண்டும். நடுகிற அன்று இருக்கிற விலை வேறு, பிடுங்குகிற அன்று இருக்கப்போகிற விலை வேறு. பிடுங்கிவிட்டால் ஓரிரு நாளில் ஆலைக்குப் போயாக வேண்டும். இல்லையென்றால் கிழங்கு கெட்டுப்போகும். அரிசி மாதிரி குதிரில் போட்டுவைத்து, விலை ஏறட்டும் என்று திண்ணையில் உட்கார முடியாது.

அந்தப் பக்கத்து டீக்கடையில் ஒரு விவசாயியிடம் நான் கேட்டேன்: 'போன வருஷம் நல்ல விலைன்னு எல்லாரும் போட்டா, இந்த வருஷம் விழும்னு தெரியாதாண்ணா?'

அவர் சிரித்தார். 'தெரியுமுங்க. விழும்னு எல்லாரும் போடாம விட்டுட்டா ஏறுமுங்களே! அது தெரிஞ்சு நான் போட்டா, என்னைய மாதிரியே அதைத் தெரிஞ்சவன் எத்தனை பேரு போட்டிருக்கான்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்?'

படித்துப் பட்டம் வாங்கிய பொருளாதார நிபுணர்கள் ஐம்பது பக்கத்தில் எழுதியதை அந்த மனிதர் டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டார்.

நான் பி.காம். பொருளாதாரத் தாளில் 'சிலந்திவலைத் தேற்றம்' என்று ஒன்று உண்டு. நிக்கோலஸ் கால்டர் 1934-ல் வைத்த பெயர். விலை ஏறினால் எல்லோரும் பயிரிடுவார்கள், விலை இறங்கும். இறங்கினால் விடுவார்கள், ஏறும். கோடு போட்டால் சிலந்தி வலை மாதிரி சுற்றிச் சுற்றி வரும். அழகான படம், பரிட்சைக்கு ஆறு மார்க். ஆனால், அந்தத் தேற்றத்தில் வருகிற விவசாயி ஒரு முட்டாள். போன வருஷ விலையே இந்த வருஷமும் வரும் என்று ஒவ்வொரு முறையும் நம்புகிறவன். உங்கள் 'மந்தை' தீர்ப்பும் அந்தத் தாளில் இருந்து வந்ததுதான்.

அந்த முட்டாளுக்குப் பதில், யோசிக்கிற ஆளை வைத்துப் பார்த்தவர் பிரையன் ஆர்தர் என்ற பொருளாதார நிபுணர். பார்த்தது வயலில் இல்லை, கம்ப்யூட்டரில். வருஷம் 1994.

அமெரிக்காவில் சான்டா ஃபே என்ற ஊரில் எல் ஃபரோல் என்று ஒரு மதுக்கடை. வியாழக்கிழமை இரவுகளில் அங்கே அயர்லாந்து இசை. (ஆர்தரும் அயர்லாந்துத் தீவில் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தவர். ஊர்ப் பாசம்!) போக ஆசைப்படுகிறவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 பேர் வரை வந்தால் சந்தோஷம். அதற்கு மேல் போனால் நெரிசல், வீட்டிலேயே இருந்திருக்கலாம். யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ள முடியாது. போகலாமா, வேண்டாமா?

ஆர்தர் கம்ப்யூட்டருக்குள் நூறு புள்ளிகளை உருவாக்கினார். ஒவ்வொரு புள்ளிக்கும் ஆளுக்கு ஆள் மாறுபடுகிற சில யோசனைகள். 'போன வாரம் எத்தனையோ அத்தனைதான் இந்த வாரமும்' என்பது ஒன்று. 'கடைசி நாலு வார சராசரி' என்பது இன்னொன்று. 'போன வாரம் கூட்டம்னா இந்த வாரம் காத்தாடும்' என்பது வேறொன்று. எந்த யோசனை சமீபத்தில் பலித்ததோ, அதைப் புள்ளி நம்பும், பலிக்காததைக் கைவிடும். நீங்களும் நானும் செய்வது போலவே!

இப்படிப் புள்ளிகளை உலவவிட்டு, தனித்தனியாக முடிவெடுக்கவிட்டு, மொத்தமாக என்ன ஆகிறது என்று வேடிக்கை பார்ப்பதுதான் சமூக சிமுலேஷன். மேலே இருந்து சூத்திரம் போடுவதில்லை. கீழே இருந்து ஆட்டம் கட்டுவது.

என்ன ஆனது? கூட்டம் 60-ஐச் சுற்றியே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரமும் நிலைக்கவில்லை. புள்ளிகள் முட்டாள் இல்லை; அனுபவத்தில் கற்கின்றன. ஆனாலும் ஏற்ற இறக்கம் போகவில்லை. ஏனென்றால், எல்லோரும் நம்பத்தக்க சரியான ஜோசியம் என்று ஒன்று அங்கே இருக்கவே முடியாது. 'கூட்டம் வரும்' என்று எல்லோரும் நம்பினால் யாரும் வர மாட்டார்கள். 'வராது' என்று நம்பினால் எல்லோரும் வந்துவிடுவார்கள். நம்புவதாலேயே பொய்யாகிற ஜோசியம்!

இதில் பலர் கவனிக்காத சங்கதி ஒன்று இருக்கிறது. 60-ஐச் சுற்றியாவது நின்றது எப்படி? நூறு பேருக்கும் யோசனை வேறு வேறாக இருந்ததால். நூறு பேர் கையிலும் ஒரே யோசனையைக் கொடுத்துவிட்டால்? ஒரு வாரம் நூறு பேரும் வருவார்கள், அடுத்த வாரம் கடை காலி. சிலந்தி வலைக்காரர் வரைந்த படம் அதுதான்.

இப்போது கோவைக்கு வாருங்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல வருடங்களாக விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. மரவள்ளி, மஞ்சள், சின்ன வெங்காயம் என்று ஒவ்வொன்றுக்கும், அறுவடை நேரத்தில் இன்ன விலை இருக்கும் என்று செய்தித்தாளில் வரும். பழைய விலைகளை அலசுகிறார்கள், வணிகர்களிடம் விசாரிக்கிறார்கள், உழைப்பு இருக்கிறது. நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால், ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அந்த முன்னறிவிப்பைப் படித்துவிட்டு விவசாயி என்ன செய்வான் என்பது அந்தக் கணக்குக்குள் இருக்கிறதா? 'நல்ல விலை வரும்' என்று படித்து ஆயிரம் பேர் கூடுதலாகக் குச்சி நட்டால், அந்த விலை வருமா? படிக்காத விவசாயிக்குத்தான் பலிக்கும், படித்தவனுக்குப் பலிக்காது என்றால், அதை எதற்குப் பேப்பரில் போட வேண்டும்?

யோசனைகள் வேறு வேறாக இருந்த இடத்தில், எல்லோர் கையிலும் ஒரே தாளைக் கொடுக்கிறோம். கொடுத்துவிட்டு, மந்தை என்கிறோம்.

அதிகாரத்தில் இருப்பவர்கள் ஜனங்களைப் புள்ளிகளாகப் பார்ப்பதுகூடப் பரவாயில்லை. காது இல்லாத புள்ளிகளாகப் பார்ப்பதுதான் ஆபத்து.

கோயம்பேடு மறந்திருக்காது. 2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. சென்னை, கோவை, மதுரையில் ஞாயிறு முதல் நாலு நாள் முழு ஊரடங்கு என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். காய்கறிக் கடைகூடத் திறக்காது. எதற்காக? கூட்டம் கூடக் கூடாது என்பதற்காக! சனிக்கிழமை என்ன ஆயிற்று? நாலு நாளைக்கு வேண்டியதை ஒரே நாளில் வாங்க நகரமே கடைவீதியில் நின்றது. அடுத்த சில நாளில் கோயம்பேடு மார்க்கெட் தொற்று வெடித்தது. மே 5-ம் தேதி மார்க்கெட்டை மூடினார்கள். மூட்டை தூக்கியவர்களும் லாரிக்காரர்களும் ஊர் திரும்ப, அரியலூர், கடலூர், விழுப்புரம், பெரம்பலூர் என்று அதுவும் கூடவே போனது. அந்த ஒரு சனிக்கிழமைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், நெரிசலைக் குறைக்கப் போட்ட உத்தரவு, அமலுக்கு வருவதற்கு முந்தின நாளே நெரிசலை உண்டாக்கியது என்பதில் சந்தேகம் உண்டா?

அதே 2020-ல் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து அபாரமான ஒரு காரியம் செய்தன. பெங்களூரு, மும்பை இரண்டு நகரங்களையும் கம்ப்யூட்டருக்குள் கட்டினார்கள். நகரத்துக்குக் கோடிக்கு மேல் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வீடு, வயசு, பள்ளிக்கூடம் அல்லது ஆபீஸ். சென்சஸ் விவரங்களை வைத்து ஒட்டியது. பள்ளியை மூடினால் என்ன, ரயிலை விட்டால் என்ன என்று ஓட்டிப் பார்த்தார்கள். மும்பையில் குடிசைப் பகுதியையும் மற்ற பகுதியையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தது பெரிய விஷயம். நம் நாட்டில் இது முடியும் என்று காட்டியவர்களுக்கு ஒரு சலாம். எத்தனை பேர் விதிகளுக்குக் கட்டுப்படுவார்கள் என்பதையும் ஒரு எண்ணாக அதில் வைத்திருந்தார்கள். நியாயமான முயற்சி. ஆனால், அறிவிப்பைக் கேட்ட ராத்திரியே பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற புள்ளி, கட்டுப்படுகிறதா, கட்டுப்படவில்லையா? சட்டப்படி அது எந்தத் தப்பும் செய்யவில்லை. அந்தப் புள்ளியை உள்ளே விடாத எந்த சிமுலேஷனிலும் கோயம்பேடு தெரியாது.

'அப்ப, வதந்தியை நம்பி ஓடுறதும் புத்திசாலித்தனமா?' என்று கேட்பீர்கள். கேளுங்கள். நாமக்கல்காரர்களிடமே உதாரணம் இருக்கிறது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல். தமிழ்நாட்டுக் கோழிகளுக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் நாமக்கல்லில் முட்டை விலை சரிந்து பண்ணைக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். எல்லோருமா பயந்துவிட்டார்கள்?

மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1978-ல் போட்ட கணக்கைச் சொல்கிறேன். தெருவில் நூறு பேர். முதல் ஆள் யாரையும் பார்க்காமல் கல் எடுப்பான். இரண்டாவது ஆள், ஒருவன் எடுத்தால் எடுப்பான். மூன்றாவது ஆள் இரண்டு பேரைப் பார்த்த பிறகு. இப்படியே கடைசி ஆள், 99 பேரைப் பார்த்த பிறகு. என்ன ஆகும்? மளமளவென்று நூறு பேரும் கல்லெறிவார்கள். மறுநாள் பேப்பரில் 'வன்முறைக் கும்பல் வெறியாட்டம்'. இப்போது அந்த இரண்டாவது ஆளை மட்டும் மாற்றுங்கள். ஒருவரைப் பார்த்தால் போதாது, இரண்டு பேரைப் பார்க்க வேண்டும் அவனுக்கு. அவ்வளவுதான். முதல் ஆள் ஒரு கல் எறிவான், கதை முடிந்தது. 'போதை ஆசாமி ரகளை' என்று ஆறாம் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி. இரண்டு தெருவிலும் 99 பேர் அதே ஆட்கள், அச்சு அசல்!

கோழி வாங்காத நூறு வீட்டில் நிஜமாகப் பயந்தது ஒன்றோ இரண்டோ வீடாகக்கூட இருக்கலாம். மற்றவர்கள் பக்கத்து வீட்டைப் பார்த்தவர்கள். கூட்டத்தைப் பார்த்து, கூட்டத்தில் இருப்பவர்களின் மனசை அளக்க முடியாது. அதைத்தான் 'மந்தை' என்கிறவர்கள் தினமும் செய்கிறார்கள்.

இதை வைத்து சிமுலேஷனே சர்வரோக நிவாரணி என்று கிளம்பிவிடாதீர்கள். இதற்கும் ஒரு கள்ளத்தனம் உண்டு. தாமஸ் ஷெல்லிங் என்று ஒருவர். 2005-ல் பொருளாதார நோபல் வாங்கினார். 1971-ல் அவர் வெளியிட்ட கட்டுரையைத்தான் இந்தத் துறையின் அரிச்சுவடி என்பார்கள். கம்ப்யூட்டர்கூட இல்லை, கட்டம் போட்ட தாளில் இரண்டு வகைக் காசுகளைப் பரப்பினார். ஒவ்வொரு காசுக்கும் சின்ன ஆசை ஒன்றுதான்: பக்கத்துக் கட்டங்களில் மூன்றில் ஒரு பங்காவது தன் வகை இருக்கட்டும். இல்லையென்றால் இடம் மாறும். மாற்றி மாற்றி வைத்தால், கடைசியில் காசுகள் இரண்டு தனித்தனிக் குடியிருப்புகளாகப் பிரிந்துவிட்டன. யாருக்கும் யார் மேலும் வெறுப்பு இல்லை. ஆனால் ஊர் இரண்டாகிவிட்டது.

அமெரிக்காவில் இதைப் பாடமாக நடத்துகிறார்கள். நம் ஊரிலும் சில மேதாவிகள், 'பாத்தீங்களா சார், ஊரும் சேரியும் தானா அப்படி அமைஞ்சது, யாரையும் குத்தம் சொல்ல முடியாது' என்று இதைத் தூக்கிக்கொண்டு வரக்கூடும். அவர்களை உத்தப்புரத்துக்கு அழைத்துப் போக வேண்டும். மதுரை மாவட்டம். 1989 கலவரத்துக்குப் பிறகு எழுந்த சுவர், தலித் மக்களை ஊரிலிருந்து பிரித்து நின்றது. 2008 மே 6-ம் தேதிதான் அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டார்கள். மேட்டுப்பாளையம் நடூரில், 2019 டிசம்பர் 2-ம் தேதி விடியும் முன், பங்களாவின் உயரமான சுற்றுச்சுவர் விழுந்து 17 பேர் செத்தார்கள். ஷெல்லிங்கின் கட்டத்தில் எல்லாக் காசும் எங்கே வேண்டுமானாலும் போகலாம். எந்தக் காசும் இன்னொரு காசைப் பார்த்து 'இங்கே வராதே' என்று சொல்ல முடியாது. அவர் தாளில் சுவர் இல்லை.

புள்ளிகள் எல்லாம் ஒரே சைஸ் என்று வைத்தால், அதிகாரம் படத்தில் இருந்து காணாமல் போகும். இதுதான் அந்தக் கள்ளத்தனம். காளப்பநாயக்கன்பட்டிக்கும் இதுவே. இரண்டு ஏக்கர்க்காரனும் ஒரு புள்ளி, ஜவ்வரிசி ஆலையும் ஒரு புள்ளி என்றால் அது பொய்க் கணக்கு. கிழங்கின் மாவுச்சத்தை 'பாயிண்ட்' என்று அளந்து விலை போடுவது ஆலைப் பக்கம். நடுவில் புரோக்கர். மக்காச்சோள மாவைக் கலந்து ஜவ்வரிசி செய்வதால்தான் கிழங்கு விலை விழுகிறது என்று விவசாயிகள் வருடக்கணக்காகப் புகார் சொல்கிறார்கள். அதற்காகக் கலெக்டர் ஆபீஸில் முத்தரப்புக் கூட்டங்களும் நடக்கின்றன. இந்த அளவு வித்தியாசத்தையும் உள்ளே வைத்து ஓட்டுகிற சிமுலேஷன் வேண்டும். எத்தனை விவசாயி அதிகம் நட்டால் விலை எவ்வளவு விழும், அதில் எவ்வளவு விளைச்சலால், எவ்வளவு பேரம் பேச முடியாததால் என்று அது பிரித்துக் காட்டட்டும். முத்தரப்புக் கூட்டத்தில் மூன்று தரப்பும் அதைப் பார்த்துச் சண்டை போடட்டும்.

முன்னறிவிப்பையும் இப்படியே மாற்றலாம். ஒற்றை விலையைப் போடாதீர்கள். 'இப்போதைய பரப்பே தொடர்ந்தால் இவ்வளவு. கால் பங்கு கூடினால் இவ்வளவு. பாதி கூடினால் இவ்வளவு' என்று போடுங்கள். இன்று வரை எத்தனை ஏக்கர் நட்டாகிவிட்டது என்பதையும் பக்கத்தில் போடுங்கள். எல்லோரும் ஒரே நாளில் குச்சி நடுவதில்லை. பின்னால் நடப்போகிறவன், முன்னால் நட்டவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தாவது கையை இழுத்துக்கொள்வான், அல்லது துணிந்து இறங்குவான். டீக்கடையில் அந்த மனிதர் கேட்டதும் இதைத்தான். விலை என்ன என்று அவர் கேட்கவே இல்லை. எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்றுதான் கேட்டார்.

'அந்தக் கணக்குக்கு எங்கே போறது சார்?' என்பீர்கள். எந்தச் சர்வே நம்பரில் என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. அடங்கலில் எழுதுவது காலங்காலமாக இருக்கிறது. 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவ மாணவிகளையே வயல் வயலாக அனுப்பி, செல்போனில் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு நடத்தினார்கள். படிக்கிற பிள்ளைகளைக் காட்டுக்குள் அனுப்பலாமா என்று பெரிய சர்ச்சைகூட எழுந்தது. அப்படி எடுத்த கணக்கு சர்வரில் இருக்கிறது. மேலே போன அந்தக் கணக்கு, நடவு முடிவதற்குள் கீழே காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கி வர என்ன தடை? வேளாண்மைத் துறை பதில் சொல்லட்டும். இதே பக்கத்தில் இடம் தருகிறேன்.